தொண்டைக்கு விடுமுறை

பிப்ரவரி 11

இன்றைக்கும் இரண்டு வேளை பயிற்சி. காலையில் வாதி பக்கம், மாலையில் பிரதிவாதி பக்கம். எந்தப் பக்கம் நின்றாலும் நான் சொல்வதுதான் சரி என்று பேச வேண்டும். சட்டம் படிக்க வந்த நாளிலிருந்து அதுதான் என் பிழைப்பு. மாதிரி நீதிமன்றப் போட்டி ஏப்ரலில். எங்கள் அணியில் மூன்று பேர். பேச இரண்டு பேர். பின்னால் உட்கார்ந்து பழைய தீர்ப்புகளைத் தேடி எடுத்துக் கொடுக்க ஒருத்தி. அந்த ஒருத்தி கொக்கு. ஆள் உயரம், அதனால் அந்தப் பெயர். அவளே வைத்துக்கொண்டது.

மாலையில் எழுந்து "கனம் நீதிபதி அவர்களே" என்றேன். "கனம்" வரைக்கும் குரல் வந்தது. மீதிக்கு வெறும் காற்று. கொக்கு ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவந்தாள். சில வாரமாகவே தொண்டைக்குள் யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற மாதிரிதான் இருக்கிறது. எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பேராசிரியர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

என் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கோப்பை. அதற்கப்புறம் பெரிய வக்கீல் அலுவலகத்தில் பயிற்சி இடம். அதற்கப்புறம் வெளிநாட்டில் மேல்படிப்பு. அதற்கப்புறம் — தாளில் இடமில்லை.

பிப்ரவரி 14

தொண்டை டாக்டரிடம் போனோம். அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, நுனியிலிருந்த கேமராவில் காட்டினார் டாக்டர். திரையில் என் குரல் நாண்கள். இரண்டிலும் எதிரெதிரே ஒரு சின்ன வீக்கம், கையில் காய்ப்பு காய்க்கிற மாதிரி. ஓய்வே கொடுக்காமல் கத்தியதால் வந்ததாம்.

முதலில் முழு மௌனம். கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல். பிறகு பயிற்சி கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பேசவிடுவார்கள். இந்தப் பருவத்துக்கு விடுப்பு போட்டுவிடச் சொன்னார். போட்டியா? அப்பாதான் கேட்டார். டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்பா முகம் வாடிப்போனது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு? எழுதவே கூச்சமாக இருக்கிறது. அப்பாடா என்று இருந்தது. அழுகை வரும் என்று பார்த்தேன், கொட்டாவி வந்தது.

பிப்ரவரி 15

இதை யாரிடமும் சொல்லக் கூடாது. சொல்லவும் முடியாது, நல்லவேளை.

பிப்ரவரி 19

வீட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று. அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடி வரைக்கும் என் பெட்டியைத் தூக்கிவந்து, இளைக்க இளைக்க, ஊருக்கெல்லாம் லிஃப்ட், நமக்குப் படி என்ற அந்தப் பழைய ஜோக்கையே சொன்னார். நான் சிரித்தாலும் சத்தம் வரக் கூடாதாம். தோள் மட்டும் குலுங்கியது.

எழுதிக் காட்ட ஒரு வெள்ளைப் பலகை வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆனால் எனக்குக் காது கேட்காது என்று எப்படியோ முடிவுகட்டிவிட்டார். "சாப்... பிட்... டியா?" என்று உரக்கக் கேட்டு, கையால் வாய்க்குள் அள்ளிப்போட்டுக் காட்டுகிறார். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பிப்ரவரி 24

ஓய்வுக்கு ஓர் அட்டவணை போட்டேன். எப்போது எழுவது, எப்போது நடப்பது, எப்போது சும்மா இருப்பது. சும்மா இருப்பதற்குக் கட்டம் கட்டி வண்ணமும் அடித்திருந்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, இதுக்கும் யாராவது மார்க் போடறாங்களா என்று கேட்டாள்.



மார்ச் 3

அம்மா சலவைக் கடையில் கவுண்டர் பார்க்கிறாள். வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்து, கடையில் நடந்ததையெல்லாம் சொல்கிறாள். கறையே இல்லாத கோட்டை வாராவாரம் வெளுக்கக் கொண்டுவருகிற ஓர் ஆள். அந்த ஆளுக்கு வீட்டில் பேச்சுத்துணை இல்லை என்று இவளாகக் கண்டுபிடித்தது. அவர் வந்தால் ரசீது போடுவதை வேண்டுமென்றே இழுப்பது. எவ்வளவு நன்றாகக் கதை சொல்கிறாள். இத்தனை வருடம் இவள் பேசி நான் கேட்டதே இல்லையா?

நான் நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உன்கிட்ட பேசினா சாட்சிக் கூண்டுல ஏறின மாதிரி இருக்கும்டி. இப்பதான் ஒரு பேச்சை முடிக்க விடறே."

சுருக்கென்றது. பலகையை எடுத்தேன். அவள் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கோட்டுக்காரர் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

மார்ச் 8

வீட்டிலேயே அடைந்து கிடக்காதே என்று அம்மா விரட்டியதில், பக்கத்துத் தெரு நீச்சல் குளத்தில் சேர்ந்துவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. பயிற்சியாளர் அம்மாள் கரையில் நின்று கத்துகிறார், பதில் பேச முடியாததால் என்னை ரொம்ப அடக்கமான பெண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்! எங்கள் வகுப்பில் கேட்டால் உருண்டு சிரிப்பார்கள்.

இன்று மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொடுத்தார். மூழ்கினேன். மறுபடியும் மூழ்கினேன். பிறகு எப்படியோ தண்ணீர் தாங்கிக்கொண்டது. காது இரண்டும் நீருக்குள். மேலே கூரையில் ஒரு கண்ணாடி ஓடு, அதில் வெயில். எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

வீடு திரும்பும்போது, எத்தனை வாரத்தில் ஒரு முழு நீளம் நீந்தலாம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. ஆரம்பிச்சிட்டியா, என்று என்னை நானே அதட்டினேன். மனசுக்குள்தான்.

மார்ச் 15

கொக்கு பஸ் பிடித்து வந்திருந்தாள். என் இடத்தில் இப்போது அவள்தான் பேசப் போகிறாள். முதல் நாள் பயிற்சியில் கால் நடுங்கியதாம், மேஜை மறைத்ததால் தப்பித்தாளாம். பின்னால் உட்கார்ந்து சீட்டு எழுதிக் கொடுத்த காலமெல்லாம், ஒவ்வொரு வாதத்தையும் தானே நின்று பேசுவதாக நினைத்துப் பார்ப்பாளாம். இதை இத்தனை நாள் என்னிடம் சொன்னதில்லை.

எங்கள் வரவேற்பறையில் நின்று முழுவதும் பேசிக் காட்டினாள். நல்ல குரல், அவசரம் இல்லை. பொறாமை வரும் என்று காத்திருந்தேன். அவள் பேசி முடித்துத் தண்ணீர் குடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். வரவில்லை.

போன வருடக் கோப்பையோடு பஸ்ஸில் திரும்பி வந்தது ஞாபகம் வருகிறது. அவள் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். நானோ, ஒரு நீதிபதி கேட்டு என்னைத் திணறடித்த ஒரே ஒரு கேள்வியை வழியெல்லாம் மென்றுகொண்டே வந்தேன். ஜெயித்தது நான்தானே? சந்தோஷமாக இருந்தது எந்த நிமிடம்? தேடித் தேடிப் பார்க்கிறேன், அறிவிப்பு வந்ததும் 'முடிந்தது' என்று நினைத்த அந்த ஒரு நொடிதான் அகப்படுகிறது. அது சந்தோஷம்கூட இல்லை. பாரம் இறங்கினது.

மார்ச் 20

வீக்கம் நன்றாக வற்றியிருக்கிறது. டாக்டர் "ஆ" சொல்லச் சொன்னார். யாரோ ஒருத்தி "ஆ" என்றாள், என்னைவிடத் தணிந்த குரலில். திரும்பிப் பார்க்காத குறை. தினம் சில நிமிடம் மட்டும் பேசலாமாம், மெதுவாக.

மார்ச் 21

பேராசிரியர் போன் செய்தார். அம்மாதான் ஸ்பீக்கரில் போட்டாள். தொண்டை தேறிவருகிறதே, போட்டியில் மைக் உண்டு, பயிற்சியைக் குறைத்துக்கொள்ளலாம், ஒரே ஒரு சுற்றாவது நான் பேசினால் கோப்பை நமக்குத்தான் என்றார். கொக்கு விட்டுக்கொடுத்துவிடுவாள், அவளிடம் பேசிக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.

அப்பா வாசலில் ஷூ கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம்.

ஐயோ. ஏன்பா அப்படிப் பாக்கறீங்க? இப்ப எப்படிச் சொல்லுவேன்? சோறு இறங்கலை. அந்த மேடைக்குத் திரும்பிப் போகணும்னு நினைச்சாலே தொண்டை தானா இறுகுது. டாக்டர் சொன்ன வீக்கம் இல்லை இது. இது வேற. ரொம்ப நாளா இருந்திருக்கு — நான்தான் அதுக்கு உழைப்புன்னு பேர் வச்சிருந்தேன்.

மார்ச் 22

இன்றைக்கான நிமிடங்களை அப்பாவுக்காக எடுத்து வைத்தேன். காலையிலிருந்து வாய் திறக்கவில்லை. அவர் வேலைக்குக் கிளம்பும்போது போய் எதிரில் நின்றேன்.

"அப்பா, நான் போகலை. இந்தத் தடவை மட்டும் இல்லை. இனிமேலும் வேண்டாம். எனக்குப் பிடிக்கலைப்பா."

அவர் என்னையே பார்த்தார். கருவிப் பையைத் தோளில் மாட்டினார். படி இறங்கிப் போனார். சாப்பாட்டு டப்பாவை மேஜையிலேயே விட்டுவிட்டார்.

நாள் முழுக்க ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தேன். குளத்துக்கும் போகவில்லை.

மாலையில் வந்ததும் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ரொம்ப மெதுவாக, அப்போ வேறு என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. பலகையில் எழுதினேன்: சட்டம்தான்.

"சட்டம்தானா?"

எழுதினேன்: விட்டது போட்டியை மட்டும். படிப்பை இல்லை.

அவர் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார். "அடிப்பாவி. ஒரு நாள் முழுக்க லிஃப்ட் மேல நின்னு, இவ படிப்பை விட்டுட்டா என்ன பண்றதுன்னே யோசிச்சிட்டிருந்தேன்."

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பாவுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. கோப்பைகளுக்கு அவரே பலகை அறுத்து அடித்த அலமாரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசித் தட்டு இன்னும் காலி. வேலையிடத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்துவிட்டேனே, இப்போது போய் என்ன சொல்வது என்றார். தொண்டை சரியில்லை என்று சொல்லுங்கள் என எழுதிக் காட்டினேன்.

"அது பொய்யாச்சே."

பாதி உண்மை, என்று எழுதினேன்.

"வக்கீல்தான்டி நீ," என்றார்.

மார்ச் 23

பேராசிரியருக்கு எழுதிவிட்டேன். கொக்குவை மாற்ற வேண்டாம், அவள் என்னைவிட நிதானமாகப் பேசுகிறாள், அவளுக்கு வேண்டிய தீர்ப்புகளை இங்கிருந்தே தேடித் தருகிறேன் என்று. சரி என்று ஒற்றைச் சொல் பதில். கோபம்தான். இருக்கட்டும்.

வெயிலில் துணி உலர்த்திவிட்டு அங்கேயே மொட்டைமாடியில் தூங்கிப்போனேன்.

ஏப்ரல் 12

அரையிறுதியில் தோற்றுவிட்டார்கள். கொக்கு அழுவாள் என்று நினைத்தேன். போனில் ஒரே சிரிப்பு. ஒரு நீதிபதி குறுக்கே கேள்வி கேட்டதும், யோசிக்கக் கொஞ்சம் நேரம் கொடுங்கள் ஐயா என்றாளாம். கொடுத்தாராம்! அப்படிக் கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றியதில்லை. அடுத்த வருடமும் அவள்தான் பேசப் போகிறாளாம்.

மே 6

ஒரு முழு நீளம். கடைசியில் நாயைப் போலக் கையைக் காலை உதைத்துத்தான் கரை சேர்ந்தேன். பயிற்சியாளர் அம்மாள் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பரவாயில்லை.

ஜூலை 2

பல்கலைக்கழகம் திறந்துவிட்டது. ஒரு பருவம் பின்தங்கிவிட்டதால் எனக்கு இப்போது இளைய வகுப்பு. குரல் தணிந்தே நின்றுவிட்டது. விடுதிக் காவலாளி போனில் என்னை அடையாளம் தெரியாமல் யார் என்று கேட்டார்.

சொத்துரிமைச் சட்ட வகுப்பில் ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார். போட்டிகளில் நான் வாங்கிய பழைய பேரைக் கேள்விப்பட்டிருப்பார்கள் போல, வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. எழுந்து நின்றேன். "தெரியலை மேடம்," என்றேன். சரி, பார்த்துவிட்டு வா என்று அடுத்தவரைக் கேட்டார். உட்கார்ந்தேன். அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை.

மாலையில் கொக்கு அறைக்கு வந்தாள். கட்டிலில் குறுக்கே படுத்துக்கொண்டு, சனிக்கிழமை என்ன பண்ணப் போகிறாய் என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லை," என்றேன்.

தலையணையை இழுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டாள்.

"நானும் வரட்டுமா?"