பாகாயத்துக்கு ஒரு கார்

ஆம்பூர்
9.2.1984

அன்புள்ள ஞானசுந்தரிக்கு,

ஆண்டவர் கிருபையில் நலமாக இருக்கிறேன். உன் முதுகுவலி குறைந்ததா? டோரதி இருமாமல் தூங்குகிறாளா?

சின்னக் கார் ஒன்று வாங்கிவிட்டேன், பழையதுதான். திட்டாதே. இங்கே டேனரித் தோல் வாடையில் பிள்ளை வாந்தியெடுத்து, வந்த எட்டாம் நாளே ஊருக்குத் திரும்பினீர்கள். வேலூர் பாகாயத்தில் வீடு எடுத்தால் நான் தினமும் காரில் டேனரி வேலைக்கு வந்துபோவேன். டோரதியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம். காலையில் நாலு பேர் தள்ளினால்தான் கிளம்புகிறது, அது பெரிய குறையில்லை.

ஞாயிறன்று சர்ச்சிலிருந்து, பாகாயத்து வீட்டின் சொந்தக்கார டீச்சரை ஏற்றிக்கொண்டு வீடு பார்க்கப் போனேன். வழியெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். இறங்கும்போது, வீட்டை வேறொருவருக்குப் பேசிவிட்டதாகச் சொன்னார். காரை முன்பு வைத்திருந்தவர் டிக்கியில் தோல் ஏற்றியிருப்பார் என்று, மெக்கானிக் சர்தார் பாயிடம் கழுவக் கொடுத்தேன். எனக்கு ஒரு வாடையும் தெரிவதில்லை.

நேற்று பாய் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நாலு தபா கழுவிட்டேன் சார். சீட்டெல்லாம் பிரிச்சுப் பாத்துட்டேன். வாடை வண்டியில இல்ல சார்."

கொஞ்சம் வெட்டிவேர் அனுப்பு. டோரதியின் பழைய சட்டை ஒன்றும் வை. வண்டி துடைக்கத்தான்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும். கிறிஸ்துமஸுக்கு நான் வந்திருந்தபோது, அந்தக் குளிரிலும் புழுக்கமாக இருக்கிறதென்று எல்லா ஜன்னலையும் திறந்துவைத்தாய். அதைப் பற்றிப் பதில் எழுத வேண்டாம். சட்டையை மட்டும் அனுப்பு.

உன்
சத்தியநாதன்