பிடிக்குள் இருந்த துரு

"துருவுக்கு வயசு உண்டாடி?" என்று நீ ஒரு நாள் ஆசிரியர் அறையில் என்னைக் கேட்டாய். நான் வேதியியல், நீ வரலாறு. இன்று காலை பல்வலிக்குக் கிராம்புத் தைலக் குப்பியைத் திறந்ததும் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. உன் அப்பாவின் ஜப்பானிய வாளிலும் இதே வாசனைதான் அடிக்கும். கைக்கு வந்த நாளில் அது அப்படித்தான் மணத்ததாம். அதனால் அவரும் கிராம்புத் தைலமே தடவி வந்தார்.

அப்பா பட்டாளத்தில் கம்பவுண்டராக இருந்தவர். யுத்தம் முடிந்தபோது மலேயாவில் சரணடைந்த ஒரு ஜப்பானிய அதிகாரிக்குக் காயத்தில் கட்டுப் போட்டிருக்கிறார். அந்த மனிதர் தன் வாளைக் கொடுத்து, தாத்தாவுக்கும் தாத்தா வைத்திருந்தது என்று கையைப் பின்னால் பின்னால் வீசிக் காட்டினாராம். அபிராமபுரத்து வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பியோடு இந்தக் கதையும் வரும்.

அதை நிறுத்தியது உன் அக்கா வீட்டுக்காரர். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். கெட்டவர் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது. ஒரு ஆயுத பூஜையன்று வாளுக்குச் சந்தனம் வைக்கும்போது எல்லார் முன்னாலும் கேட்டார்: "மாமா, உண்மையைச் சொல்லுங்க. இது மலேயாவுல கிடைச்சுதா, பர்மா பஜார்ல கிடைச்சுதா?"

சிரித்தார்கள். அவர் விடவில்லை. "யுத்தத்துல மிஷின்ல மலைமலையா அடிச்சுத் தள்ளினானாம். பிடியைப் பாருங்க, பட்டாளத்துப் பிடி. தாத்தாவாவது, கொள்ளுத்தாத்தாவாவது."

அப்பாவும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கதையைச் சொல்வதில்லை. நானே ஒருமுறை கேட்டேன். "அது கிடக்கு, விடும்மா" என்றார்.

உன்னால் விட முடியவில்லை. அடையாறில் ஒரு நூலகத்தில் ஜப்பானிய வாள்களைப் பற்றி ஆங்கிலப் புத்தகம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய்ப் படித்தாய். "அத்தானை ஜெயிக்கணும்னு இல்லடி. அப்பா நிஜம் சொல்லியிருந்தா தெரியணும். கதை விட்டிருந்தாலும் தெரியணும்" என்றாய்.

பிடியை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று முதலில் கண்டுபிடித்தாய். வீட்டில் இருந்த பரம்பரை வாளுக்கே பட்டாளத்துப் பிடி மாட்டி யுத்தத்துக்கு எடுத்துப் போனவர்கள் உண்டாம். "சட்டை பட்டாளத்துது. உள்ளே இருக்கிற ஆள் யாருன்னு பார்க்கணும்" என்றாய். கையால் அடித்த நிஜ வாளாக இருந்தால் அலகின் விளிம்போரம் பனிமூட்டம் போல ஒரு வெள்ளைக் கோடு ஓட வேண்டும். போலியில் அதை அமிலத்தால் வரைந்திருப்பார்கள். சாய்த்துப் பிடித்தால் தட்டையாகத் தெரியும். ஆனால் உங்கள் வீட்டில் வருஷா வருஷம் பூஜைக்கு முன்னால் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்ததில், கீறல்களைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மிச்சம் இருந்தது பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதி ஒன்றுதான். பிடி கழலும் என்றே தெரியாததால் அதை யாரும் தேய்த்ததில்லை. அங்கே படிந்த துருவை வைத்துத்தான் வாளின் வயதை ஊகிப்பார்கள் என்று புத்தகத்தில் இருந்ததாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் அத்தானையும் வரச் சொன்னாய். அப்பா நாற்காலியில் இருந்தார். நீ வாளைத் துணிமேல் வைத்ததும் கேட்டார்: "பொய்னு வந்தா என்ன செய்வே?"

"பொய்னுதான்ப்பா சொல்லுவேன். மொதல்ல உங்ககிட்ட சொல்லுவேன்."

அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, கழட்டு" என்றார்.

பின்னல் ஊசியின் மழுங்கிய முனையால் பிடியிலிருந்த மூங்கில் ஆணியைத் தள்ளினாய். பிடி முரண்டு பிடித்து, பிறகு வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே இரும்பு கறுத்துக் கிடந்தது. பாத்திரம் தேய்க்க வந்திருந்த கன்னியம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா, இம்மாந் துரு புடிச்சிகீது. குடு, புளி போட்டு ஒரு தேய் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்." சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள்.

"தொடாதே" என்று நீ அவள் மணிக்கட்டைப் பிடித்ததை நான் மறக்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக்கூட அதட்டாதவள் நீ.

நான் இரண்டு சாமான் கொண்டுபோயிருந்தேன். அந்த வருஷ மழையில் துருப்பிடித்த ஓர் ஆணி, எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த பழைய பூட்டு. வெள்ளைக் கைக்குட்டையால் ஆணியைத் துடைத்தேன். துணி செங்காவி ஆனது. பூட்டைத் துடைத்தேன், அநேகமாக ஒன்றும் ஒட்டவில்லை. புதுத் துரு பொடியாக உதிரும், பழையது இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு வாளின் அடிப்பகுதியில் துணியை லேசாக ஒற்றினேன். துணி வெள்ளையாகவே இருந்தது.

வாள் செய்தவர் பெயரை அந்த அடிப்பகுதியில்தான் வெட்டுவார்கள் என்று நீ சொல்லியிருந்தாய். அத்தான் குனிந்து பார்த்தார். "பேரே இல்லையே. செஞ்சவன் பேர் இல்லாத சரக்கை என் கடையில ஏத்த மாட்டேன்."

"உங்க கடையில பாத்திரத்துல பேர் வெட்டித் தர்றீங்களே அத்தான், யார் பேர் சொன்னாலும் வெட்டுவீங்கதானே?" என்று நீ கேட்டாய்.

"வெட்டுவோம். அதுக்கென்ன?"

"அதான். பேர் வெட்டுறது சுலபம். இங்க பாருங்க, ரெண்டு துளை. ஆணி இருந்தது ஒண்ணுலதான். நீள வாளை அடியில வெட்டிக் குறைச்சு, புதுசா துளை போட்டிருக்காங்க. பேர் அந்தத் துண்டோட போயிருக்கும். மிஷின்ல புதுசா அடிச்ச வாளை எதுக்கு வெட்டிக் குறைக்கணும்?"

நான் பெயரே எழுதாத விடைத்தாளையும் கையெழுத்தைப் பார்த்து யாருடையது என்று சொல்லிவிடுவேன். பெயரை மாற்றி எழுதலாம், கையை மாற்ற முடியாது. அன்று நீ படித்தது அந்தக் கையைத்தான்.

ஆனால் அதோடு நீ நிறுத்தவில்லை. அப்பா பக்கம் திரும்பி, "யுத்தத்துக்கு ரொம்ப முந்தின வாள்ப்பா. அதுவரைக்கும் சொல்லலாம். யாரு குடுத்தாங்க, என்ன சொல்லிக் குடுத்தாங்கன்னு இரும்பு சொல்லாது. அது உங்க வார்த்தைதான்" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. கெலித்த பிறகும் இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா என்று நினைத்தேன். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

அத்தான் நாற்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டு உட்கார்ந்தார். "மாமா, அந்த ஆபீசருக்கு எங்க காயம்? மொதல்லேருந்து சொல்லுங்க."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "தோள்ல. எடது தோள்ல" என்று தொடங்கினார். நீ காப்பி போட உள்ளே போனாய்.

நீ கண்ணை மூடிய பிறகும் உன் கறாரை நான் விடவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை, "டீச்சர், இது நிஜமா?" என்று கேட்ட பிள்ளைகளிடம், "பொய்யென்று வந்தால் சொல்வாயா?" என்று கேட்ட பிறகே சோதனைச் சாமானைக் கையில் கொடுத்தேன். இப்போதும் என் கண்ணுக்குத் தெரிந்ததையும் நான் நம்புவதையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறேன்.

இதைப் படிப்பவர்கள் ஒன்று செய்து பாருங்கள். வீட்டில் பழைய இரும்புச் சாமான் ஏதாவது இருந்தால், தேய்க்க எடுக்கும் முன் ஒரு வெள்ளைத் துணியால் மெல்ல ஒற்றி, துணியை வெளிச்சத்தில் பாருங்கள்.