நோவுக்கு எத்தனை வீதம்

தை 9, 2024
நண்டுக் கொம்பனியில் இன்று என்னை ஐஸ் பெட்டி தூக்குகிற பக்கம் மாற்றிவிட்டார்கள். வலக்கை எழும்பாது என்று சொன்னேன். "மெடிக்கல் போட் தாற கடதாசி கொண்டு வாரும். மேசை வேலை தரலாம்" என்றார் மேற்பார்வையாளர்.

இயக்கத்தில் இருந்தபோது வலத் தோள்பட்டைக்குக் கீழே, செல் வெடித்துத் துண்டு கிழித்த இடம். என் மனுசன் றெக்ஷனுக்குக்கூட நான் அதைச் சரியாகக் காட்டியதில்லை.

தை 30
யாழ்ப்பாணத்தில் மெடிக்கல் போட்டுக்குப் போய் வந்தேன். வைத்தியர் தழும்பின் நீள அகலத்தை நாடாவால் அளந்தார்.

"நோகுதோ?"

"இல்லை டொக்டர்."

"கையைத் தூக்கும்."

பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

மாசி 16
உடல் இயலாமை பத்து வீதமாம். கொம்பனிக்கு அது போதாது.

மாசி 19
பிரதேச செயலகத்தில் வேலை செய்யும் பிரியவதனி மேன்முறையீடு எழுதித் தந்தார். "தழும்பு எவ்வளவு பெரிசு எண்டு மட்டும் பாக்கிறேல்லை, கிறிஸ்ரினா. உள்சதையும் போயிட்டுதோ, தோல் அடியில ஒட்டியிட்டுதோ, கை எவ்வளவு எழும்புது, எல்லாம் பாப்பினம். நோவையும் தனியாப் பாப்பினம். நீர் நோகேல்லை எண்டால் அவை அதைத்தானே எழுதுவினம்?"

ஏன் அப்படிச் சொன்னேன்? காயப்பட்டுக் கிடந்தபோது மருந்து இல்லை. கத்தினால் பக்கத்தில் கிடக்கிற பிள்ளை பயந்துவிடும் — வாயை மூடிப் பழகிவிட்டேன். சண்டை முடிஞ்சிட்டுதெண்டு இந்த வாய்க்கு இன்னும் ஆரும் சொல்லேல்லையோ?

சித்திரை 24
இரண்டாம் தரம். றெக்ஷன் கடலுக்குப் போகாமல் கூட வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் கதிரையில் இருத்தினார்கள்.

இம்முறை ஒரு பெண் வைத்தியர். தழும்பை இரண்டு விரலால் பிடித்து அசைத்தார். அசையவில்லை. "எலும்போட ஒட்டியிட்டுது" என்று பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த வைத்தியருக்குச் சொன்னார். பிறகு என்னிடம், "நோகிற இடத்தில நிப்பாட்டும் அம்மா. அதுக்கு மேல தூக்க வேண்டாம்" என்றார்.

கை நெஞ்சளவில் நின்றது.

"நோகுதோ?"

வாயைத் திறந்தேன். அழுகைதான் முதலில் வந்தது. "ஒவ்வொரு நாளும் நோகுது டொக்டர். உலை இறக்க ஏலாது. துணி பிழிய ஏலாது. அந்தப் பக்கம் சரிஞ்சு படுக்க ஏலாது."

றெக்ஷனுக்கு எல்லாம் கேட்டிருக்கும்.  பஸ் பண்ணைப் பாலம் தாண்டும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "நான் ஆரெண்டு நினைச்சனீர்?"



வைகாசி 21
முப்பது வீதம். மேசை வேலை கிடைத்துவிட்டது. சந்தோசம்தான். ஆனால், அந்தக் கடதாசியை இரண்டு தரம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தேன். அவ்வளவும் உண்மையென்று ஆரோ ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

ஆனி 2, ஞாயிறு
பூசைக்கு வெளிக்கிடும்போது தலை இழுக்கக் கை எழும்பவில்லை. "இஞ்சருங்கோ, நோகுது" என்றேன்.

அவர் சீப்பை வாங்கினார். வலைச் சிக்கு எடுத்துப் பழகின கை; முடி நுனியிலிருந்து தொடங்கினார்.

"இப்ப நோகுதோ?"

"கொஞ்சம்."

பூசைக்குப் பிந்தித்தான் போனோம்.