ஒரு பிடி அடிமணல்

அன்புள்ள லூர்து அண்ணா,

கிணற்றுக்குள் முங்கிப் போனபோதெல்லாம் நீ கண்ணைத் திறந்து வைத்திருந்தாயா, மூடிக்கொண்டிருந்தாயா? எனக்குத் தெரியவில்லை. போன மாதம் அண்ணி இதைக் கேட்டபோது தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் இத்தனை ஆண்டு இயற்பியல் நடத்தியதில், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கூச்சம் போய்விட்டது. ஆனாலும் அன்றைக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

உன் மூன்றாம் ஆண்டு நினைவுப் பூசை முடிந்து, விழுப்புரம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கடலில் முங்கக் கற்றுத்தரும் பயிற்றுநர் சான்று எனக்குக் கிடைத்துவிட்டதை அப்போதுதான் சொன்னேன். அண்ணி ஆச்சரியப்படவே இல்லை.

"அப்போ என்னையும் ஒரு தபா கூட்டிக்கினு போ, பிலோ."

"உங்களுக்கு நீச்சலே தெரியாதே, அண்ணி?"

"நீ மட்டும் பொறக்கும்போதே நீஞ்சிக்கினு வந்தியா? கெணத்துக்குள்ள அப்பிடி என்னாத்த பாத்தேன்னு கேட்டா, உங்கண்ணன் ஈரத் தலையோட சிரிச்சிக்கினே போவாரு. கண்ணத் தொறந்துக்கினாவது இருந்தாரா? அதையாவது சொல்லு."

நீ பம்புசெட் மெக்கானிக். குழாயின் அடிமுனையில் சேறு அடைத்துக்கொண்டால், மற்றவர்கள் கயிறும் ஆளும் தேடுவார்கள். நீ சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாய். மேலே வரும்போது வலது கையில் ஒரு பிடி சேறு இருக்கும். அடியைத் தொட்டதற்கு அதுதான் நம் பக்கத்தில் சாட்சி. சேறு இல்லாமல் வந்தவன் தொட்டேன் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மயிலம் ரோட்டில் நம் கிணற்றில் நீ பழகிய காலத்தில், பெண்பிள்ளை என்று என்னை இறங்க விடவில்லை. நான் மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ உள்ளே போனதும் நானும் மூச்சை அடக்குவேன். உன் தலை தெரிந்த பிறகுதான் விடுவேன். எனக்குத் தெரிந்த நீச்சல் அவ்வளவுதான்.

அதுவே பிறகு எனக்குப் பகையாக வந்தது. நாற்பத்து மூன்று வயதில் புதுச்சேரியில் முதன்முதலாக சிலிண்டர் கட்டி இறங்கியபோது, சொல்லித்தந்தவர் ஒவ்வொரு முறையும் என்னை மேலே கொண்டுவந்து ஒன்றையே சொன்னார். "மேடம், மூச்ச விடுங்க. அடக்காதீங்க." நீ கரையில் இழுத்த காற்றோடு போய், அதே காற்றோடு திரும்பினாய், உனக்கு அடக்கினால் ஆபத்தில்லை. நாங்கள் ஆழத்தில் காற்றை வாங்குகிறோம். அதை அடக்கிக்கொண்டு மேலே ஏறினால் அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். கரும்பலகையில் பலமுறை எழுதிப்போட்ட விதிதான். உடம்புக்கு அது புரிய ஆறு மாதம் ஆனது.

நான் கடலில் முங்கப் பழகுவதை உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "முதுவுல சிலிண்டரு கட்டிக்கினு போறதெல்லாம் ஒரு முங்கலா? கேஸ் கம்பெனிக்காரன் வேலை அது!" எனக்குக் கோபம் வந்தது. அதனால் அங்கே என்ன இருக்கிறது என்று உன்னிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன். கடலுக்கடியில் அமைதி என்று எழுதுகிறார்களே, அது பொய். பாறை ஓரமாகப் போனால் மணலில் மல்லாட்டைக் கடலை வறுப்பதுபோல் படபடவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத சின்ன இறால்கள் செய்யும் வேலை. பேத்தை மீன் ஒன்று, வகுப்பை எட்டிப் பார்க்கும் முதல்வர்போல், நம்மை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். கை அசைக்காமல் அப்படியே மிதக்கலாம். என்னிடம் யாரும் எதுவும் கேட்காத ஒரே இடம் அது. நான் அங்கே சந்தோஷமாக இருக்கிறேன், அண்ணா. இந்தச் சொல்லை நான் அதிகம் பயன்படுத்துகிறவள் இல்லை.

அண்ணி முங்கலாம் என்று டாக்டர் சான்று கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை அண்ணியைப் பயிற்சிக் குளத்தில் இறக்கினேன். என் முதல் மாணவி. எட்டு முறை முங்கினார், எட்டு முறையும் மூச்சை அடக்கினார். சொன்னால் தலையை ஆட்டுவார். சம்மதமா மறுப்பா என்று கரையிலேயே புரியாத ஆட்டல். கடைசியில் ஒரு வழி தோன்றியது. பல வருடமாக நான் சொல்லாத ஒன்றை அவரைச் சொல்லச் சொன்னேன். ஒரு 'அருள்நிறை மரியே' செபம் சொல்லி முடிக்கும்வரை மூச்சை மெதுவாக வெளியே விடவேண்டும்.

"வாயில ரப்பர கடிச்சிக்கினு எப்பிடிம்மா ஜெபம் சொல்றது? பாவம் இல்லியா?"

"மனசுல சொல்லுங்க அண்ணி. மாதா கோச்சிக்க மாட்டாங்க."

"கோயிலுக்கே வராதவ, மாதாவுக்காக நீ பேசறியா?"

ஆனால் குமிழி வந்தது. சீராக, ஒரு செபமாலை முழுக்க.

நாளைக்குக் கடல். ஐந்து மீட்டர் ஆழம்தான். ஆனால் அண்ணி மிரண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால், அந்த ஐந்து மீட்டர் போதும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கிறது. உன் பிள்ளைகளுக்கு மிச்சமிருப்பது அவர் ஒருவர்தானே? நீயாக இருந்தால் கூட்டிப்போவாயா?

இத்தோடு நிறுத்துகிறேன். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

*

ஞாயிற்றுக்கிழமை மாலை, திண்டிவனம்.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அண்ணி வளவனூர் வழியாக முதல் பஸ்ஸில் புதுச்சேரிக்கு வந்துவிட்டார். எட்டு மணிக்குப் படகிலிருந்து கயிற்றைப் பிடித்து இறங்கினோம். தண்ணீர் பச்சையாகக் கலங்கியிருந்தது. அவர் சிலிண்டரை நான் விடவே இல்லை. மணலில் முட்டி போட்டதும் பார்த்தேன்: மாஸ்க்குக்குள் கண்ணை இறுக மூடியிருந்தார். குமிழியும் நின்றுவிட்டது.

மேலே விடாமல் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை எடுத்து, உள்ளங்கையில் செபமாலை உருட்டுவதுபோல் என் கட்டைவிரலால் தேய்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு குமிழி. அதன் பின்னால் ஒரு நீண்ட வரிசை. அண்ணி கண்ணைத் திறந்தார். மஞ்சள் கோடு போட்ட மீன்கள் நாலைந்து கடந்துபோயின. பத்து நிமிடம் இருந்தோம். மேலே வரும்போதும் குமிழி ஒருமுறைகூட நிற்கவில்லை.

படகில் ஏறிய பிறகு வலது கையை விரித்துக் காட்டினார். நான் சொல்லித்தரவே இல்லை, அடியில் ஒரு பிடி மணல் அள்ளியிருக்கிறார். வழியெல்லாம் கரைந்து, விரலிடுக்கில்தான் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"தொறந்துக்கினுதான் இருந்திருப்பாரு, பிலோ. மூடிக்கினா பயமா இல்ல இருக்குது!"

இது நிரூபணம் ஆகாது. ஆனால் நான் மறுத்துப் பேசவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அண்ணியின் குமிழி நின்றிருந்த அந்த நேரம், என் குமிழியும் நின்றிருந்தது. பயிற்றுநர் செய்யக் கூடாத தவறு. யாராவது உள்ளே போனால், நான் இன்னும் அந்த மதிலருகில்தான் நிற்கிறேன் போலிருக்கிறது.

அடுத்த மாதமும் வருவேன் என்கிறார் அண்ணி. கூட்டிப்போவேன். இந்த முறை நானும் மூச்சு விடுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் தங்கச்சி,
பிலோமினா