ஐயா விலக்கி வைத்த பிள்ளை

என்றும் என் ஐயாவுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. லாசாலில் எங்கள் வீட்டில்தான் செய்கிறோம். ஐயருக்குச் சொல்லியாயிற்று, சமையலுக்கும் ஆள் பிடித்தாயிற்று. உங்கள் மூத்த மகன், என் அண்ணை மட்டும் வரமாட்டார்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நீங்கள் போன பிரெஞ்சு வகுப்பில் பழைய கெல்ட் மக்களைப் பற்றிப் பாடம் வந்த நாள் நினைவிருக்கிறதா? அந்த மக்களின் குருமாரான துரூயிடுகள் மேல் உங்களுக்கு அன்று தொடங்கியது பைத்தியம். “மந்திரவாதியள் எண்டு நினையாதை பிள்ளை. பூசகரும் அவையள், வாத்திமாரும் அவையள், நீதவான்மாரும் அவையள்தான். ரெண்டு படை வாளோடை நிக்கேக்கை அவையள் நடுவிலை போய் நிண்டால் சண்டை நிண்டிடும்” என்று சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு வகுப்பெடுத்தீர்கள். அவர்களுக்கு வரியே கிடையாது என்று சொல்லும்போது மட்டும் குரலில் கொஞ்சம் பொறாமை. தங்கள் கல்வியை அவர்கள் எழுதி வைப்பதில்லை என்பது உங்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. நீங்களும் ஒரு தீர்ப்பையேனும் கடதாசியில் எழுதியவர் இல்லையே.

இந்த நகரத்தில் நீதிமன்றங்கள் இருக்க, ஆட்கள் உங்களிடம்தான் வந்தார்கள். காணிப் பங்கு, கடைப் பங்கு, புருஷன் பெண்சாதி சண்டை எல்லாம் எங்கள் சோபாவில் தீர்ந்தன. நீங்கள் சொன்னால் சொன்னதுதான்.

அந்தப் பாடத்தின் கடைசியில் ஒரு தண்டனை இருந்தது. துரூயிடுகளின் தீர்ப்பை மீறியவனைப் பலிச் சடங்கில் சேர்க்க மாட்டார்கள். அவனோடு யாரும் கதைக்க மாட்டார்கள், எதிரே வந்தால் விலகிப் போவார்கள். அதைவிடப் பெரிய தண்டனை அவர்களிடம் இருக்கவில்லையாம்.

அதை ஏன் அண்ணை மேல் இறக்கினீர்கள், ஐயா? கூட்டாளி கனகு அண்ணையோடு அவர் நடத்திய சாப்பாட்டுக் கடையை, பங்குச் சண்டை வந்தபோது, கனகு அண்ணைக்கே விட்டுக்கொடு என்றீர்கள். அவர் கேட்காமல் வழக்கறிஞரிடம் போனார். “இனி அவன்ர நன்மை தின்மைக்கு ஒருத்தரும் போகப்படாது. என்ர செத்தவீட்டுக்கும் அவன் வரப்படாது” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டீர்கள். அவருக்கு மகள் பிறந்தபோதுகூட அவர் குடியிருக்கும் லொங்கேய்க்கு நாங்கள் யாரும் போகவில்லை. உங்களுக்குக் கொள்ளி வைத்தது என் கணவர்.

துரூயிடுகளின் தலைவர் இறந்தால் மதிப்பில் உயர்ந்தவர் அந்த இடத்துக்கு வருவார் என்று சொன்னீர்கள். அவர்களில் சிலர் இருபது வருடம் படித்தார்களாம். நான் என்ன படித்தேன்? எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்ததும் ஆட்கள் தீர்ப்புக்கு என் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

முதலில் வந்தது கனகு அண்ணைதான். “தங்கச்சி, அந்தியேட்டிக்கு உங்கட அண்ணரைக் கூப்பிடுங்கோ. எனக்கே மனம் கேக்கேல்லை” என்று அழுதார். எனக்கு வேறென்ன வேண்டும்? உடனே தொலைபேசியை எடுத்தேன். அதற்குள் கதவில் மணி அடித்தது.

வந்தவளின் பெயரை எழுதமாட்டேன். புருஷனின் அடியிலிருந்து நீங்கள் காப்பாற்றிய பிள்ளை. நீதிமன்றத்தின் தடையை மீறி மீறி வந்தவன், அவள் இருக்கும் பக்கமே போகப்படாது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் நின்றான். பெற்ற பிள்ளையையே விலக்கி வைத்த மனுசன், தன்னை என்ன செய்வாரோ என்ற பயம் அவனுக்கு.

“அக்கா, ஐயாவின்ர ஒரு சொல்லை மாத்தினால் மற்றதையும் மாத்தலாம் எண்டு என்ர மனுசன் வந்து நிப்பார்” என்றாள்.

எப்படிப்பட்ட கூண்டுக்குள் என்னை அடைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்? அண்ணைக்குக் கதவைத் திறந்தால் அவளுக்கு ஆபத்து. அவளைக் காப்பாற்றினால் அண்ணை வெளியே. எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்கள் சொல்தான் மறித்துக்கொண்டு நிற்கிறது.

அன்று பின்னேரம் தொலைபேசியில் அண்ணைக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

“நான் வரேல்லை, பிள்ளை. நான் உள்ளுக்கை வந்தால் அவனும் வருவான். அவள் பயமில்லாமல் இருக்கட்டும்.” பிறகு மெதுவாகக் கேட்டார்: “ஐயாவுக்கு என்ன கறி படைக்கிறியள்? கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பை விட்டிடாதையுங்கோ, என்ன?”

உங்களுக்கு அடங்காத பிள்ளை என்று நீங்கள் தள்ளி வைத்தவர்தான் இன்று வாசலுக்கு வெளியே நின்று உங்கள் தீர்ப்பைக் காக்கிறார். அவரை உங்களுக்குத் தெரிந்திருந்ததா, ஐயா?

அந்த மனிதன் இந்த நகரத்தை விட்டுப் போகும்வரை உங்கள் சொல்லைக் காப்பேன். போன அன்றே லொங்கேய்க்குப் போய் அண்ணையைக் கையைப் பிடித்துக் கூட்டி வருவேன். அதுவரை உங்கள் மேல் கோபமாகத்தான் இருப்பேன். இதுவும் சத்தியம்.

உங்கள் மகள்,
அவருடைய தங்கச்சி,
கௌரி