எல்லோருக்கும் என் எட்டு

திங்கள், 14 அக்டோபர் 1985
மாலையில் மழை. காலுறை இன்னும் ஈரம். அம்மா தூங்கியாயிற்று, சமையலறை விளக்கில் எழுதுகிறேன்.
வகுப்பின் அறிவியல் மதிப்பெண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். நாற்பது பேர். கம்ப்யூட்டர் கிளப்பில் என்னிடம்தான் அறைச் சாவி. எழுத்துத் தேர்வு, வகுப்புப் பாடம், செய்முறை, மூன்று பத்தி. நான்காவதில் மொத்தம். முதல் வரியில் கூட்டச் சொல்லிக் கொடுத்தால் போதும், மற்ற முப்பத்தொன்பதையும் அதுவே நிரப்பும். நிரப்பும் முன் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு கேள்வி: அந்தந்த வரியின் எண்ணை எடுக்கவா (R), முதல் வரியின் எண்ணையே வைத்துக்கொள்ளவா (N)? மூன்று முறை R. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வேகமாகத் தட்டினேன். கண் எரிகிறது.

வியாழன், 17
மார்க் அட்டை வந்தது. மொத்தம் மட்டும்தான் போட்டிருக்கும். பாஸுக்கு 50. பக்கத்து இருக்கை லில்லி 46. ஃபெயில். கழிப்பறையில் அழுதாள்.
"அப்பா சொல்லிட்டாரு அமுதா. ஃபெயிலானா ஸ்கூல் போதுமாம். தெம்பனிஸ் ஃபேக்டரில திங்கக்கிழமை மத்தியானம் இண்டர்வியூ."
"அழாத லா. மூக்கு ஒழுகுது."
"போடி, நீ பாஸு."
வாங்க வேண்டியவை: நீல மை, கறிவேப்பிலை.
அவள் மார்க் எனக்கு நினைவிருக்கிறது. 28, 10, 17. மூன்று முறை கூட்டினேன். 55.

வெள்ளி, 18
டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது கேள்விக்கு N அழுத்தியிருக்கிறேன். எல்லோருக்கும் முதல் வரியின் செய்முறை மார்க். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. செய்முறையில் நான் எட்டு, கண்ணாடிக் குழாயை உடைத்தேன். நாற்பது பேருக்கும் என் எட்டு. வேறு யாரும் எட்டு வாங்கவில்லை.
சொன்னால் சாவி போகும். வீட்டுக்குக் கடிதம் வரும்.
வகுப்பாசிரியர் மிசஸ் கமலாவிடம் போனேன். "டீச்சர், லில்லி டோட்டல்..."
"கம்ப்யூட்டர் போட்ட கணக்கும்மா. அது தப்பாப் போடாது. போ, பஸ்ஸ விட்டுடாத."
வந்துவிட்டேன். கோழை. மூன்று பத்தியையும் தாளில் எழுதி எடுத்து வந்திருக்கிறேன், அது மட்டும்தான்.

சனி, 19
தேக்கா மார்க்கெட். மீன் கடையில் லில்லியின் அம்மா. கையில் புது வெள்ளைச் சட்டை, இண்டர்வியூவுக்கு.
"லில்லிக்கு வேலை கெடைக்கணும், நீயும் ஜெபம் பண்ணிக்கம்மா."
சரி ஆண்ட்டி என்றேன்.

திங்கள், 21
ஏழு மணிக்கே ஆசிரியர் அறை வாசல். லில்லி வரவில்லை. கையால் கூட்டிய தாளை நீட்டினேன். மிசஸ் கமலா ஐந்து வரியைக் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார்.
"யாரு செஞ்சது?"
"நான்தான் டீச்சர். தப்பான கீய அழுத்திட்டேன்."
"இதுல யாரோட டோட்டல்தான் சரி?"
"என்னோடது மட்டும்."
உள்ளங்கையை நீட்டினார். சாவியை வைத்தேன்.
"லில்லி வீட்டுக்கு நான் போன் பண்றேன். நீ உக்காந்து எல்லா அட்டையும் கையால எழுது."
முப்பத்தொன்பது அட்டை. முதலில் லில்லியுடையது. விரல் மரத்துப்போய்விட்டது.
பதினோரு மணிக்கு லில்லி வந்தாள், சீருடை இல்லாமல், அந்த வெள்ளைச் சட்டையில். மிசஸ் கமலா அவளிடம் என் பெயரைச் சொல்லவில்லை. நானே சொன்னேன்.
"என் பதினேழ எடுத்துட்டு உன் எட்டக் குடுத்தியாடி?"
என் பையைக் காலால் தள்ளிவிட்டு, பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.