முட்டாத வட்டம்

தம்பி,

இன்று காலை கராஜ் கதவைத் திறந்ததும் சுறா எண்ணெய் மணத்தது. எத்தனையோ தரம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாயிற்று, சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக் கழுவியாயிற்று. வெயில் ஏறிக் கூரைத் தகரம் சுட்டால் எங்கிருந்தோ அது திரும்பவும் கிளம்பி வருகிறது. பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால் எட்டி, "அன்ரி, மீன் ஏதும் பழுதாப் போச்சோ?" என்று கேட்டாள். "ஓம் பிள்ளை, பூனை எதையோ கொண்டுவந்து போட்டிட்டுது" என்று சொல்லிவிட்டேன். மதிலடியில் நின்று சொல்லி முடிகிற கதையா அது? அதனால்தான் உனக்கே எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஓர்ஸ் ஹில்லில் இந்த வீடு எனக்குச் சீதனமாக வந்தது. நீ கப்பல்துறையில் மர ஆலைக்குப் பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, கதவும் அலுமாரியும் செய்து பிழைத்தாய். கலியாணமும் கட்டவில்லை. கேட்டால், "எனக்கு ஒரே மரத்தூள் மணம் அக்கா, எவள் வருவாள்?" என்று சிரிப்பாய். உன் அத்தான் செத்து, அவரின் காரையும் விற்று, கராஜ் வெறுமையாகக் கிடந்த காலத்தில் ஒருநாள் ஓட்டோவில் வந்து இறங்கினாய். இறங்கினதும் இறங்காததுமாய், "வீடு உங்களுக்கு, கராஜ் எனக்கு. சரியோ அக்கா?" என்றாய். வாடகை கட்ட ஏலாமல் வந்திருக்கிறாய் என்றுதான் நான் நினைத்தேன். குசினியில் தேத்தண்ணீர் தந்தபோது நீ கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தாய். அப்போதுதான் பார்த்தேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கிற சதை வற்றி, அந்த இடம் குழி விழுந்து கிடந்தது.

கொழும்பு டொக்டர் சொன்னதை நீ எனக்குச் சுருக்கமாகத்தான் சொன்னாய். நரம்பு செத்துக்கொண்டு வரும் வருத்தம், முதலில் கை போகும், பிறகு மற்றதெல்லாம் போகும். மருந்து இல்லை என்பதை நீ சொல்லவில்லை. அதை நான் பிறகு ஆஸ்பத்திரியில் விசாரித்து அறிந்தேன். நான் அழத் தொடங்கியதும் உனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இப்ப அழாதேங்கோ. கை இருக்கேக்க எனக்கு ஒரு வேலை கிடக்கு" என்றாய்.

அந்த வேலைதான் இந்த மெசின். கணினியில் கீறிக் கொடுத்த கோட்டிலே தானாக ஓடிப் பலகையை வெட்டும். கொழும்பிலே பெரிய தளபாடக் கடைக்காரர் வைத்திருக்கிறார்கள் என்றாய். வாங்குவது நமக்கு எட்டாது, ஆனால் செய்யலாம் என்றாய். உன் கை முழுதாகப் போவதற்குள் அது ஓட வேண்டும். ஓடத் தொடங்கிவிட்டால் நீ கதிரையில் இருந்தபடியே ஒரு விரலால் கணினியில் பூவும் கொடியும் கீறுவாய், மெசின் கதவிலே வெட்டும், கதவு விலை போகும். "வாயிலை சோறு தீத்துறதுக்கு நீங்கள் இருக்கிறியள். உழைக்கிறதுக்கு ஒண்டு வேணும்தானே" என்றாய். சாவுக்கு நீ பயப்படவில்லை என்று நான் சொல்லமாட்டேன், பயந்தாய். ஆனால் அக்கா வீட்டில் சும்மா இருந்து தின்று சாவது உனக்கு அதைவிடப் பெரிய பயம்.

பழுதான போட்டோக்கொப்பி மெசின்கள் ஒவ்வொன்றாய் வந்து என் விறாந்தையை நிரப்பின. அவற்றின் வயிற்றைப் பிளந்து மோட்டர்களைக் கழற்றினாய். யன்னல் செய்யும் கடையில் மிஞ்சிய அலுமினியச் சட்டங்களை அள்ளிக்கொண்டு வந்தாய். தண்டவாளம் மாதிரி இரண்டு உருக்குக் கம்பி, அதன்மேல் ஓடும் சின்னச் சின்ன வண்டி, இவை மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தன. வந்த பெட்டியின் அட்டையை வெளியே போட்டேன். நம் ஊர்த் தெருவில் மாடு மாதிரித் திரியும் மான்களில் ஒன்று நேரே உள்ளே வந்து நின்று அதைச் சப்பித் தின்றது. "பாருங்கோ, முதல் வாடிக்கையாளர் வந்திட்டார்" என்று நீ சொன்னாய். அன்று நன்றாகச் சிரித்தோம்.

தொடக்கத்தில் நீ செய்தாய், நான் டோர்ச் பிடித்தேன். பிறகு நீ பிடித்தாய், நான் முறுக்கினேன். அதற்குப் பிறகு நீ கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல நானே எல்லாம் செய்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தையல் படிப்பித்த கை, ஈயம் உருக்கி வயர் ஒட்டியது. "ரொட்டிக்கு மா குழைக்கிற மாதிரி அமத்தாதேங்கோ அக்கா, தொட்டாலே காணும்" என்று கத்துவாய். "நீ எனக்கு அக்காவோ, நான் உனக்கு அக்காவோ?" என்று நானும் கத்துவேன். உன் கை பின்வாங்கப் பின்வாங்க என் கை முன்னுக்குப் போனதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். 

வெட்டும் அலகுக்குப் பதிலாக முதலில் ஒரு பேனையைக் கட்டினோம். கடதாசியில் அது நேர்கோடு கீறியது. நான் கை தட்டினேன். நீ தட்டவில்லை, உன்னால் தட்டவும் ஏலாது. "நேர்கோடு எந்த மெசினும் கீறும். வட்டம் கீறச் சொல்லுவம். துடங்கின இடத்திலை வந்து முட்டினால்தான் பலகை வைக்கிறது" என்றாய். வட்டம் கீறியது. ஆனால் தொடங்கிய இடத்துக்கு வந்து சேரவில்லை. ஒரு நெல்மணி போகிற அளவுக்கு வாய் பிளந்துகொண்டு நின்றது.

அந்த வாயை மூட நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியும். மோட்டர் சுற்றும் திருகிலே ஆட்டம் இருக்கிறது என்றாய், இறுக்கினேன். சட்டம் வளைந்திருக்கிறது என்றாய், கழற்றி நிமிர்த்தினேன். நாட்டில் டீசலும் இல்லை, கரண்டும் இல்லை என்றிருந்த காலம் அது. வட்டம் பாதி வரும்போது கரண்ட் போய்விடும். திரும்ப வந்தால் மெசினுக்குத் தான் எங்கே நின்றதென்று தெரியாது. "இதுக்கு மண்டை இருக்கு, ஞாபகம் இல்லை" என்று திட்டுவாய். முதலிலிருந்து தொடங்குவோம். அப்படியிருந்தும் நெல்மணி எள்ளாகச் சிறுத்தது. இன்னும் கொஞ்சம்தான் என்று நானும் நம்பினேன். அந்த நாட்களில் உன் வலது கையில் ஒரு விரல் அசைந்துகொண்டிருந்தது.

பிறகு மாரி வந்தது. உள்துறைமுகத்துக் காற்று இரும்பை விட்டுவைக்காதே. உருக்குக் கம்பிகளில் செம்புள்ளி விழத் தொடங்கியது. அதற்கென்று இருக்கிற கிறீஸ் கடையில் இல்லை. நீ, "அப்பா வள்ளத்துக்கு என்ன பூசுறவர்?" என்று கேட்டாய். "சுறா எண்ணெய்" என்றேன். "பிறகென்ன?" என்றாய். ஏதோ புதையலைக் கண்ட மாதிரி இரண்டு பேரும் சிரித்தோம். கட்டைபறிச்சானில் இருக்கிற நம் மச்சாள் ஒரு போத்தல் எண்ணெயை, பழைய சாரத் துண்டிலே சுற்றி, பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். கடல்காற்று தொடுகிற எதற்கும் நம் வீட்டில் அதுதானே. வள்ளத்துக்கும் அதுதான், துடுப்புக்கும் அதுதான், படலைக் கதவுப் பிணைச்சலுக்கும் அதுதான். வேறு யாரும் என்றால் மெசினுக்குப் பூசமுன் இன்னொரு ஆளைக் கேட்டிருப்பார்கள். நமக்குக் கேட்கத் தோன்றவில்லை. பஞ்சில் தோய்த்து, கம்பி, வண்டி, திருகு என்று ஓர் இடம் விடாமல் நான் பூசினேன். நீ கதிரையிலிருந்து, "அந்த மூலை, அந்த மூலை" என்று காட்டினாய்.

வண்டி வெண்ணெயில் வழுக்குவதுபோல ஓடியது. அன்றைய வட்டத்தில் வாய் இருக்கிறதா இல்லையா என்று கண்ணாடி போட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது. "நாளைக்குப் பலகை" என்று நீ சொன்னாய்.

அந்த நாளை விடிந்தபோது உனக்குச் சளி பிடித்து நெஞ்சை அடைத்தது. ஆஸ்பத்திரியில் சில கிழமை கிடந்தோம், கராஜ் பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்து மெசினைப் போட்டால் மோட்டர் உறுமியது, வண்டி அசையவில்லை. நான் தள்ளிப் பார்த்தேன், உள்ளே ஏதோ நொறுங்கியது. கம்பிமேல் மண்ணிறத்தில் ஒரு தோல். நகத்தால் சுரண்டினால் பிசின் மாதிரி உரிந்தது. தூசியும் எண்ணெயும் சேர்ந்து காய்ந்து, வண்டிக்குள் உருளும் சின்ன இரும்புக் குண்டுகளை அப்படியே ஒட்டிப் பிடித்திருந்தன.

நீ அதைப் பார்த்தாய். அப்போதே உன் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லாய் இழுத்து, "அக்கா, அது காயும். காயிறதுக்குத்தானே வள்ளத்துக்குப் பூசுறது" என்றாய்.

நமக்கு அது தெரியாததா? காய்ந்து தோலாகிப் பலகையைக் காப்பாற்றும் என்றுதான் பூசுகிறோம். சின்ன வயதில் வள்ளத்தில் அது காயுமுன் ஏறிக் குந்தி அப்பாவிடம் அடி வாங்கியவன் நீ. அவ்வளவும் தெரிந்துகொண்டுதான் பூசினோம். எனக்கு இன்றும் ஆத்திரம் ஆறவில்லை. உன்மேலா, என்மேலா, அந்தப் போத்தலைச் சுற்றி அனுப்பிய மச்சாள்மேலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தெரியாமல் செய்த பிழை என்றாவது மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இதற்கு அந்த வழியும் இல்லை.

புதுக் கம்பிக்கு எழுதிப் போட்டோம். வெளிநாட்டுச் சாமான் லேசில் வராத காலம். இன்று வரும், நாளை வரும் என்றிருக்க, அந்த ஒரு விரலும் நின்றது. பிறகு பேச்சு நின்றது. கண்ணை ஒருதரம் மூடித் திறந்தால் ஓம் என்று வைத்துக்கொண்டோம். வந்து பார்த்த சொந்தக்காரர், "கடவுள் கைவிடமாட்டார்" என்று சொல்லித் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். நான் உனக்குச் சோற்றைக் குழைத்துத் தீத்தினேன். நீ வாயைத் திறப்பாய், முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் வைத்துக்கொள்வாய். உன் வெட்கம் எனக்கு விளங்கியது. "உனக்குக் குழந்தையிலேயும் நான்தானேடா தீத்தினனான்" என்று பகிடியாகச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை.

கடைசியாக ஒருநாள், பழைய கம்பியையே மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டி, தேய்ந்த வண்டியை மாட்டி, உன்னைக் கதிரையோடு கராஜுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். பேனையைக் கட்டி மெசினைப் போட்டேன். அது தடக்குத் தடக்கென்று நொண்டிக்கொண்டு வட்டம் கீறியது. இம்முறை ஒரு விரலே போகிற அளவுக்கு வாய். தொடங்கின நாளைவிட மோசம். எனக்கு வந்த கோபத்தில் பேனையைப் பிடுங்கி, அந்த இடைவெளியைக் கையாலேயே கீறி மூடினேன். கடதாசியை உன் முகத்துக்கு நேரே பிடித்து, "இந்தா, முட்டிட்டுது. இனிப் பலகை வைப்பமோ?" என்று கேட்டேன். நீ கடதாசியைப் பார்க்கவில்லை. பேனை பிடித்திருந்த என் கையைப் பார்த்தாய். பிறகு கண்ணை மூடினாய். நான் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தேன். நீ திறக்கவேயில்லை. ஓம் என்றாயா, இனிப் பார்க்க விருப்பமில்லை என்றாயா? அதை நீ போகும்வரைக்கும் நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை கம்பிப் பார்சல் வந்தது. அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். கூட்டும்போது தும்புத்தடியில் தட்டுப்படும், தள்ளிவிட்டுக் கூட்டுவேன். ஏன் கடைசியில் அதைப் பிரித்தேன் என்று கேட்காதே. சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒருத்தரும் சொல்லித்தராமல், ஒருத்தரும் கத்தாமல், எல்லாவற்றையும் நானே பூட்டினேன். போன கிழமை வட்டம் முட்டிவிட்டது, தம்பி. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று பார்த்தால் தெரியவில்லை. விரலால் தடவியும் பார்த்தேன். "முட்டிட்டுது" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகு அங்கே நிற்க முடியவில்லை. மெசினை நிற்பாட்டிவிட்டு வெளியே வந்து படியில் இருந்தேன்.

தெரிந்தவர்கள் எல்லாரும், "கதவு வெட்டி வில்லுங்கோ, தம்பியின்ரை ஆசை நிறைவேறும்" என்கிறார்கள். உன் ஆசை கதவு இல்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நீ உழைத்துத் தின்ன வேண்டும் என்பதுதான் ஆசை. அதை இனி எந்த மெசினாலும் வெட்டித் தர முடியாது. பலகை வாங்கி வைத்திருக்கிறேன். வைத்து வெட்ட மனம் வரவில்லை, வரும் என்றும் தோன்றவில்லை.

உன் கைக்குப் பதிலாகச் செய்த மெசின் இப்போது சொன்னால் ஓடுகிறது, நிறுத்தினால் நிற்கிறது. என் கைதான் சொல்வழி கேட்பதில்லை. மத்தியானத்தில் தனியே இருந்து சாப்பிடும்போது அது தன்பாட்டுக்குச் சோற்றைக் கூழாகக் குழைத்து, உன்னால் விழுங்கக்கூடிய அளவில் சின்னச் சின்னதாக உருட்டிச் சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் வைத்துவிடுகிறது. கவனித்ததும் கையை உதறுகிறேன். அடுத்த நாளும் அதே வேலைதான். உருட்டினதை எறிய மனமில்லாமல் ஒவ்வொன்றாக நானே எடுத்துத் தின்கிறேன்.

அக்கா